சுதந்திரம், உறவு, ஊர், சாவு: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் மெய்யியல் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னாரின் பெருநிலப்பரப்பு என்று வன்னியில் எங்கே மெய்யியல் பற்றிக் கதைத்தாலும் சில கேள்விகள் தவறாமல் வந்து நிற்கும். உயர்தர மாணவர்கள் கேட்பார்கள், அவர்களைக் கூட்டிப்போக வந்த தாய்மாரும் கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கிரேக்கம், பிரான்ஸ், ஜெர்மனி என்று பல இடத்துச் சிந்தனையாளர்கள் வருவார்கள். அவர்கள் சொன்னதை இங்கே நடந்தவற்றோடு வைத்துப் பார்த்து, பொருந்தாத இடத்தில் பொருந்தவில்லை என்றே எழுதியிருக்கிறேன்.

மெய்யியல் படித்து என்ன பிரயோசனம்? சோறு போடுமா?

போடாது. ஆனால் இந்தக் கேள்விகளை நாங்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். செத்த வீட்டுப் பந்தலில் இரவு விழித்திருப்பவர்களின் கதையைக் கவனியுங்கள். "அண்டைக்கு அவன் அந்தப் பாதையால போகாம விட்டிருந்தா" என்று ஒருவர் தொடங்குவார். "போகத்தான் வேணும், எழுதினது அது" என்பார் இன்னொருவர். "ஷெல் அடிச்சவனை விட்டிட்டு ஏன் விதியைப் பிடிக்கிறியள்?" என்று மூன்றாமவர் எழும்புவார். அதற்குள் தேத்தண்ணி வந்துவிடும், கதை வேறு பக்கம் போய்விடும். மனிதன் சுதந்திரமானவனா என்ற பழைய வாதத்தின் மூன்று கட்சிகளும் அந்தப் பந்தலுக்குள் இருக்கின்றன. அந்தக் கதையை இடையில் விடாமல் தொடரப் பழகுவதுதான் மெய்யியல்.

மனிதன் சுதந்திரமாக இருக்கச் சபிக்கப்பட்டவன் என்கிறார் சார்த்தர். 2009 இல் முள்ளிவாய்க்காலில் நின்ற எங்களுக்கு என்ன சுதந்திரம் இருந்தது?

இந்தக் கேள்வியைத் தாங்காத மெய்யியலை வன்னியில் படிப்பிக்க முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரெஞ்சு மெய்யியலாளரான சார்த்தர் வசதியான அறைக்குள் இருந்து மட்டும் எழுதியவர் அல்ல. 1940 இல் ஜெர்மானியரிடம் போர்க் கைதியாகப் பிடிபட்டு அடுத்த ஆண்டு வெளியே வந்தவர். தன்னுடைய பெரிய நூலை 1943 இல், பாரிஸ் ஆக்கிரமிப்பில் இருந்தபோது வெளியிட்டார். அதில் அவர் சொன்னது இது: நிலைமையை நாம் தெரிவு செய்வதில்லை. எங்கே பிறந்தோம், எந்தப் போருக்குள் அகப்பட்டோம் என்பது நம் கையில் இல்லை. ஆனால் அந்த நிலைமையை என்னவாக எடுத்துக்கொள்கிறோம், அதற்குள் என்ன செய்கிறோம் என்பது எப்போதும் நம் தெரிவு. 1944 இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த காலத்தைப் போல நாங்கள் எப்போதும் சுதந்திரமாக இருந்ததில்லை என்று எழுதினார். உயிர் போகக்கூடிய நேரத்தில் ஒரு சொல்லுக்கும் ஒரு செயலுக்கும் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதைத்தான் சொல்லவந்தார்.

இதை அப்படியே கொண்டுவந்து, பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்துக்குள்ளேயே ஷெல் விழுந்ததைப் பார்த்தவர்களிடம் வைக்க முடியாது. ஒரு பக்கம் அரச படைகளின் எறிகணை. மறுபக்கம் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பு. வெளியேற முயன்றவர்கள் மீது புலிகளே சுட்டதும் ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கையில் இருக்கிறது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போன வீட்டில் நின்று "எல்லாம் தெரிவுதான்" என்று சொல்வது அநியாயம்.

சார்த்தரே பிறகு இதை உணர்ந்தார். 1969 இல் வெளியான ஒரு நேர்காணலில், எந்த நிலைமையிலும் மனிதன் சுதந்திரமானவன் என்று தான் முன்பு எழுதியதைத் திரும்ப வாசித்தபோது தனக்கே நம்ப முடியவில்லை என்றார். சூழ்நிலையால் முழுக்க உருவாக்கப்பட்ட மனிதன், தனக்குத் தரப்பட்டதை அப்படியே திருப்பிக் கொடுக்காமல் செய்கிற ஒரு சிறு அசைவு மட்டுமே சுதந்திரம் என்று அங்கே திருத்திச் சொன்னார். என்னைக் கேட்டால், வன்னிக்கு உரிய சார்த்தர் இந்த 1969 சார்த்தர்தான்.

ஒரு பங்கருக்குள் யாரை முதலில் இறக்குவது, இருக்கிற மாவை எத்தனை குடும்பத்துக்குப் பிரிப்பது, காயப்பட்டுக் கிடக்கிற தெரியாத ஒருவரைத் தூக்குவதா தாண்டிப் போவதா என்பவை அங்கே நடந்த தெரிவுகள். அவற்றைச் செய்தவர்கள் இன்றும் எங்கள் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். "எங்களுக்குத் தெரிவே இருக்கவில்லை" என்று மட்டும் சொன்னால், அந்த மாவைப் பிரித்துக் கொடுத்த மனுசியின் செயல் காணாமற் போய்விடும். தெரிவு இருந்தது என்று மட்டும் சொன்னால் ஷெல் அடித்தவர்களும் பிள்ளை பிடித்தவர்களும் தப்பிவிடுவார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியென்றால் அம்மாவை விட்டுவிட்டு வந்தது என் குற்றமா? பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் நித்திரை வருவதில்லை.

இந்தக் கேள்வி ஆளுக்காள் சொற்கள் மாறி வரும். அம்மா, தம்பி, காயப்பட்ட கணவர், கைநழுவிப் போன குழந்தை.

கார்ல் யாஸ்பெர்ஸ் என்ற ஜெர்மானிய மெய்யியலாளர், யூத மனைவியோடு நாசி ஆட்சிக்குள் உயிர் தப்பியவர், 1946 இல் குற்றத்தை நான்காகப் பிரித்து எழுதினார். சட்டத்தை மீறிய குற்றம், அதற்குத் தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. ஓர் அரசின் பிரசை என்ற வகையில் வரும் அரசியல் பொறுப்பு. தன் மனச்சாட்சிக்கு முன்னால் மட்டும் நிற்கும் ஒழுக்கக் குற்றம். நான்காவது, மற்றவர்கள் சாகும்போது நான் உயிரோடு இருக்கிறேன் என்பதாலேயே வருகிற பாரம். இந்த நான்காவதில் எந்தத் தவறும் செய்திருக்கத் தேவையில்லை. மனிதர் மற்ற மனிதரோடு கட்டுண்டு இருப்பதால் அது வருகிறது.

பேர்னாட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர் இன்னொரு வழியால் கிட்ட வருகிறார். எந்தப் பிழையும் விடாமல் லொறி ஓட்டிப்போகும் ஒருவரின் சக்கரத்தில் ஒரு பிள்ளை ஓடிவந்து விழுந்துவிடுகிறது. பார்த்துக்கொண்டு நின்றவர்களும் கவலைப்படுவார்கள், ஆனால் சாரதியின் கவலை வேறு. "நீ ஒன்றும் செய்யவில்லை" என்று நாம் அவருக்கு ஆறுதல் சொல்வோம். அவர் உடனே "ஓம், நான் ஒன்றும் செய்யவில்லை" என்று துடைத்துக்கொண்டு போனால் அவரைப் பற்றி நமக்கு ஏதோ போல இருக்கும்.

ஆகவே என் பதில்: குற்றம் இல்லை. ஆனால் அந்த வலி பொய்யும் இல்லை, வருத்தமாகவே அது சரியான இடத்தில் இருக்கிறது. "மறந்துவிடு" என்று சொல்கிறவர்கள் குற்றத்தையும் வலியையும் ஒன்றாக்கி இரண்டையும் எடுத்துவிடப் பார்க்கிறார்கள். நித்திரை வராத அளவுக்கு என்றால் மெய்யியல் போதாது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாம் விதி என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

குறளிலேயே இரண்டு குரல் இருக்கிறது. ஊழ் அதிகாரத்தின் கடைசிக் குறள் (380), ஊழைவிட வலியது எது, வேறொரு வழி எண்ணினாலும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்கிறது. ஆள்வினையுடைமையின் கடைசிக் குறள் (620), தளராமல் முயல்கிறவர் ஊழையும் புறமுதுகு காண்பார் என்கிறது. உரைகாரர்கள் இரண்டையும் சமன்செய்யப் பாடுபட்டிருக்கிறார்கள். எனக்கு அவை இரண்டும் மனித வாழ்க்கையின் இரண்டு வேளைகளாகத் தெரிகின்றன. முடிந்துபோனதைத் திரும்பிப் பார்க்கும்போது முதலாவது, நாளைக்கு என்ன செய்வது என்று இருக்கும்போது இரண்டாவது.

சைவ சித்தாந்தமும் எல்லாவற்றையும் முன்பே எழுதி முடித்ததாகச் சொல்லவில்லை. சேர்ந்து கிடக்கும் வினை சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்துவம், இப்போது புதிதாக ஈட்டுவது ஆகாமியம். புதிதாக ஈட்டலாம் என்றால் அங்கே உயிருக்கு ஓர் இடம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். செத்துப்போன ஒரு பச்சைக் குழந்தையின் தாயிடம் "முற்பிறப்பு வினை" என்று சொல்வது சமயமும் இல்லை, மெய்யியலும் இல்லை. தன் துன்பத்தைத் தாங்க ஒருவர் தானாக விதியை எடுத்துக்கொள்ளலாம். மற்றவர் துன்பத்துக்கு அதைக் காரணமாகச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

நாம் முடிவெடுக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டதாமே?

உயிரியல் பிரிவு மாணவர்கள் கேட்பது. பெஞ்சமின் லிபெட் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் 1983 இல் வெளியிட்ட சோதனையில், கையை அசைக்க வேண்டும் என்று ஆட்கள் உணர்வதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு செக்கன் முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கியது. அது மணிக்கட்டை அசைக்கும் சோதனை. ஊரை விட்டுப் போவதா, வழக்குப் போடுவதா என்று மாதக்கணக்கில் யோசிக்கும் முடிவை அது அளக்கவில்லை. கடைசி நேரத்தில் அசைவை நிறுத்தும் ஆற்றல் மனிதருக்கு உண்டு என்று லிபெட்டே நம்பினார்.

மனதை அடக்கத் தெரிந்தால் சிறைக்குள்ளும் சுதந்திரமாக இருக்கலாமா?

எப்பிக்டெட்டஸ் அப்படித்தான் சொன்னார். ரோமில் அடிமையாக இருந்து, விடுதலையாகி, பின்பு கிரேக்கத்தில் பள்ளி நடத்தியவர். உடம்பு, சொத்து, பதவி எதுவும் நம் வசத்தில் இல்லை, நம் தீர்மானம் மட்டுமே நம் வசம் என்பது அவர் போதனையின் அடி. நாசி முகாம்களில் இருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் பிராங்கிளும், எல்லாவற்றையும் பறித்தாலும் நிலைமையை எதிர்கொள்ளும் மனப்பாங்கைப் பறிக்க முடியாது என்று எழுதினார்.

இதை நான் மதிக்கிறேன். தடுப்புக் காவலில் இருந்து வந்த பலர் இதற்குக் கிட்டத்தட்ட இதே சொற்களில் சாட்சி சொல்வார்கள். ஆனால் இதை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எப்பிக்டெட்டஸ் அடிமையாக இருந்து சொன்னார். எசமான் அடிமைக்குச் சொன்னால் அதே வசனம் வாயை மூடும் கட்டளையாகிவிடும்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். தகரக் கொட்டிலுக்குள், பிள்ளைகளின் படங்களுக்குக் கீழே, வருடக் கணக்காக இருந்தார்கள். அவர்களிடம் போய் "உங்கள் கையில் இல்லாததை விட்டுவிடுங்கள், மனம் அமைதியாகும்" என்று புத்தி சொன்னவர்களும் உண்டு. அந்தத் தாய்மார் கேட்டது மன அமைதியை அல்ல. கூட்டிக்கொண்டு போனவர்களிடமிருந்து ஒரு பதில். அந்தக் கொட்டிலுக்குள் இருந்ததுதான் அவர்களின் சுதந்திரமான செயல்.

சட்டமும் ஊர்க்கட்டுப்பாடும் சுதந்திரத்துக்கு எதிரானவையா?

இதற்குக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைப் பார்த்தால் போதும்.

காலபோகத்துக்கு மழை இருக்கிறது. சிறுபோகத்துக்குக் குளத்து நீர்தான், அது எல்லா வயலுக்கும் காணாது. அதனால் ஒவ்வொரு வருடமும் கூட்டம் வைக்கிறார்கள். மாவட்டச் செயலாளர், நீர்ப்பாசனத் திணைக்களத்தார், கமக்காரர் அமைப்புகள் எல்லாரும் இருப்பார்கள். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பொறியியலாளர் சொல்வார். அதை வைத்து எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலின் கீழ், எந்தத் திகதியில் துருசு (மதகு) திறப்பது, எந்தத் திகதிக்குப் பிறகு விதைக்கக் கூடாது, மாடுகளை எப்போது கட்டுவது என்று முடிவாகும். வாய்க்காலின் தலைமாட்டில் வயல் உள்ளவருக்கும் கடைமாட்டில் உள்ளவருக்கும் அங்கே வாய்த்தர்க்கம் வரும். குரல் உயரும். சிலர் எழும்பிப் போய்த் திரும்பி வருவார்கள். முடிவில், தன் சொந்த வயலைத் தரிசாக விட்டுவிட்டு இன்னொருவரின் வயலில் கிடைத்த பங்கில் விதைப்பவரும் இருப்பார்.

அவருடைய சுதந்திரம் குறைந்துவிட்டதா? 1958 இல் ஐசாயா பேர்லின் என்ற மெய்யியலாளர் ஒக்ஸ்போர்ட்டில் ஆற்றிய உரையில் இரண்டு சுதந்திரங்களைப் பிரித்தார். யாரும் என்னைத் தடுக்காமல் இருப்பது ஒன்று. என்னை நானே ஆள்வது மற்றது. முதலாவதால் அளந்தால் அந்தக் கமக்காரர் கட்டுப்பட்டவர். இரண்டாவதால் அளந்தால், தான் போய் வாதாடிச் சேர்ந்து எடுத்த முடிவுக்குத்தான் அவர் கட்டுப்படுகிறார். தனக்குத் தானே விதித்த சட்டத்துக்குப் பணிவதே சுதந்திரம் என்று 1762 இல் ரூசோ எழுதியது இதைத்தான்.

ஆனால் பேர்லின் ஓர் எச்சரிக்கையும் விட்டார். மக்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று மக்களைவிடத் தனக்குத் தெரியும் என ஓர் இயக்கமோ அரசோ சொல்லத் தொடங்கினால், இரண்டாவது சுதந்திரத்தின் பெயராலேயே மனிதரை நசுக்கலாம். ரூசோவிலேயே அந்த ஆபத்து இருக்கிறது. மக்களின் பெயரால் பேசியவர்களை வன்னி எல்லாப் பக்கத்திலும் கண்டிருக்கிறது. ஆகவே நான் பார்க்கும் சோதனை எளிது: அந்தக் கூட்டத்தில் கடைமாட்டு வயல்காரர் எழும்பி மறுத்துப் பேசிவிட்டு, அன்று இரவு பயமில்லாமல் வீட்டில் படுக்கலாமா?

நுண்கடன் எடுக்கும்படி யாரும் துவக்கு நீட்டவில்லையே. அது சுதந்திரமான தெரிவுதானே?

கையெழுத்து வைத்தவர் அவர்தான், சரி. ஆனால் பொருளியலாளர் அமர்த்தியா சென் 1999 இல் எழுதியதுபோல, ஒருவர் உண்மையில் என்னவாக இருக்க முடிகிறது, என்ன செய்ய முடிகிறது என்பதைக் கொண்டுதான் சுதந்திரத்தை அளக்க வேண்டும். கணவர் இல்லை, காணிக்கு உறுதி இல்லை, வங்கி பிணை கேட்கிறது, பிள்ளைக்குக் கொப்பி வாங்க வேண்டும். அந்த நிலையில் வாசலுக்கு வந்து காசு தருகிறேன் என்பவரிடம் "ஓம்" என்பது எவ்வளவு தெரிவு?

இதில் என்னை அதிகம் உறுத்துவது வட்டியைவிட, குழுப் பிணை. ஒருவருக்கு மற்றவர் பொறுப்பு என்று சேர்த்துக் கடன் கொடுக்கிறார்கள். தவணை நாளில் ஒருவர் காசோடு வராவிட்டால் மற்றப் பெண்கள் அவர் வீட்டுப் படலையில் போய் இருக்க வேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே தறப்பாளுக்குக் கீழே படுத்தவர்கள், ஒருவருக்கு ஒருவர் கடன் வசூலிப்பவர்கள் ஆனார்கள். மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்று கான்ட் 1785 இல் எழுதினார். இங்கே நட்பையே கருவியாக்கிவிட்டார்கள்.

"மற்றவர்களே நரகம்" என்பது எங்கள் ஊர் வாய்க்குச் சரியாகப் பொருந்துகிறதே?

1944 இல் பாரிஸில் மேடையேறிய சார்த்தரின் நாடகத்தில் வரும் வசனம் அது. மற்றவரோடு உறவே கூடாது என்று தான் சொல்லவில்லை, உறவு முறுகிக் கெட்டுப்போனால் மற்றவரின் பார்வை நரகமாகிறது என்றே சொன்னேன் என்று அவர் பின்னாளில் விளக்கம் கொடுத்தார்.

அந்தக் கெட்டுப்போன பார்வை எங்களிடம் நிறையவே இருக்கிறது. கணவர் காணாமற்போன ஒரு பெண் கலியாண வீட்டுக்கு வருகிறார். நெற்றியில் பொட்டு இருக்கிறது. "இன்னும் பொட்டு வைக்கிறா" என்று ஒரு பக்கம். பொட்டை அழித்துவிட்டு வந்தால் "அவர் செத்துப்போனார் எண்டு முடிவெடுத்திட்டா" என்று மறுபக்கம். அவர் எதைச் செய்தாலும் அது மற்றவர்களின் தீர்ப்புக்கு உரியதாகிவிடுகிறது. இயக்கத்தில் இருந்து வந்த பெண்களுக்கும் இதேதான். காலை இழந்தது தெரியும், ஆனால் மாப்பிள்ளை பார்க்கும்போதுதான் ஊர் அதை எண்ணிப் பார்க்கும்.

பிரெஞ்சு மெய்யியலாளர் சீமோன் த பொவ்வார் 1947 இல் எழுதியதை நான் இதற்கு நேர் எதிரே வைப்பேன். என் சுதந்திரத்தை நான் உண்மையாக விரும்பினால் மற்றவரின் சுதந்திரத்தையும் விரும்பியாக வேண்டும். ஏனென்றால் நான் தொடங்கும் எதுவும் மற்றவர் அதைத் தாங்கித் தொடர்ந்தால்தான் நிலைக்கும். அந்தக் கலியாண வீட்டில், கணவர் காணாமற்போன அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மணமக்களுக்கு அறுகரிசி போடச் சொல்ல ஒரு பெரியம்மா இருந்தால் போதும், சபையே மாறிவிடும். அப்படியான பெரியம்மாக்களை நான் கண்டிருக்கிறேன்.

"யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்று பெருமைப்படுகிறோம். சொந்த ஊருக்கே போக விடாதவர்களுக்கு அது என்ன ஆறுதல்?

கணியன் பூங்குன்றனாரின் அந்தப் பாட்டு (புறநானூறு 192) முதல் அடியோடு முடிவதில்லை. மலையாற்று வெள்ளத்தில் அகப்பட்ட தெப்பம்போல உயிர் முறைவழியே போகிறது, அதனால் பெரியவர்களை வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிகிறது. நம் இருப்பு நம் கையில் இல்லை என்ற அறிவிலிருந்து சமத்துவத்துக்கு வருகிறார். இந்தக் கடைசி அடியைத்தான் நாங்கள் மேடைகளில் சொல்வதில்லை.

போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் இருந்தவர்களுக்கு யாதும் ஊர் ஆகவில்லை. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட், தானே நாடற்றவராக அலைந்தவர், 1951 இல் சொன்னார்: மனித உரிமைகள் இருக்கின்றன என்பது போதாது, உரிமைகளை வைத்திருக்கும் உரிமை முதலில் வேண்டும். அதைத் தருவது ஒரு சமூகத்தில் நமக்கு இருக்கும் இடம். அந்த இடத்தைப் பறித்தால் மனிதன் என்ற பெயர் மட்டும் யாரையும் காப்பதில்லை.

அவருடைய மற்றச் சிந்தனை, மனிதர் சேர்ந்து ஒன்றைப் புதிதாகத் தொடங்கும்போது சுதந்திரம் வெளிப்படுகிறது என்பது. பூநகரிப் பக்கத்து இரணைதீவு மக்கள் 1992 இல் வெளியேற்றப்பட்டவர்கள். மனுக் கொடுத்து, போராட்டம் இருந்து, பதில் வராமல், 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக் கொடிகளோடு படகுகளில் ஏறித் தங்கள் தீவில் போய் இறங்கினார்கள். ஆரெண்டை விளங்கப்படுத்த எனக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இந்தப் பாட்டைச் சொல்லும்போது எங்களையும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் திரும்பி வந்தபோது முல்லைத்தீவில் அவர்களுக்கு எப்படி இடம் விட்டோம்? 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களில் பலர் இன்னும் காணி ஆவணம் இல்லாமல் இருக்கிறார்கள். அவர்களைக் கேளிர் என்கிறோமா, "அந்தப் பக்கத்து ஆக்கள்" என்கிறோமா?

சாவுக்குப் பயப்படுவது அறியாமையா?

பழைய கிரேக்க மெய்யியலாளர் எபிகூரஸ் ஆம் என்கிறார். நான் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வரும்போது நான் இல்லை, பிறகு எதற்குப் பயம்? தன் சாவைப் பற்றிய பயத்துக்கு இது நல்ல மருந்து. வயது போனவர்கள் சிலருக்கு இதைச் சொன்னபோது சிரித்து ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் என் பிள்ளை சாகும்போது நான் இருக்கிறேனே? அங்கே எபிகூரஸுக்குப் பதில் இல்லை.

ஜெர்மானிய மெய்யியலாளர் ஹைடெகர் 1927 இல், என் சாவை எனக்காக வேறு யாரும் சாக முடியாது, அதை ஏற்றுக்கொள்பவனே உண்மையாக வாழ்கிறான் என்று எழுதினார். ஆறு வருடத்தில் நாசிக் கட்சியில் சேர்ந்தார் என்பதையும் சேர்த்தே நான் படிப்பிப்பேன். ஐந்து வருடம் ஜெர்மானியச் சிறைமுகாமில் இருந்து, குடும்பத்தைக் கொலையாளிகளிடம் இழந்த மெய்யியலாளர் லெவினாஸ் இதைப் புரட்டிப் போட்டார். முதல் சாவு என்னுடையது இல்லை, மற்றவருடையது. அவரின் முகம் என்னைத் தனியே சாகவிடாதே என்று கேட்கிறது. வன்னியில் வளர்ந்த யாருக்கும் இது உடனே விளங்கும். நாங்கள் சாவைத் தெரிந்துகொண்டது மற்றவர் சாவில்தான்.

பௌத்த மரபில் கிசா கோதமி கதை இருக்கிறது. சாவு நடக்காத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கிவா என்று புத்தர் அனுப்ப, அப்படி ஒரு வீடும் இல்லை என்று கண்டு தெளிகிறாள். முள்ளிவாய்க்கால் பக்கத்தில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், எல்லா வீட்டிலயும் சாவு எண்டது இயற்கையா நடந்தா ஆறுதல். எல்லா வீட்டிலயும் ஒரே மாசத்தில நடந்தா?" சாவு பொதுவானது என்பது ஞானம். கொலை பொதுவானது என்பதை ஞானமாக ஏற்கக் கூடாது. அவள் கேள்வியில் அந்த வித்தியாசம் முழுக்க இருந்தது.

காணாமற்போனவருக்கு அந்தியேட்டி செய்யலாமா?

பவுலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்தபோது, இப்படியான இழப்பு மற்ற இழப்புகளைப் போன்றதல்ல என்று கண்டார். ஆள் இல்லை, ஆனால் போய்விட்டார் என்றும் இல்லை. துக்கம் தொடங்கவே முடியாமல் உறைந்து நிற்கிறது. இதற்கு முடிவு கட்டச் சொல்லி அவசரப்படுத்தக் கூடாது என்பது அவர் கருத்து.

எங்கள் சடங்குகள் நாள் எண்ணி நடப்பவை. காடாத்து, எட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆட்டைத் திவசம். எண்ணத் தொடங்க ஒரு திகதி வேண்டும். அது இல்லாத வீட்டில் சிலர் கடைசியாகக் கண்ட நாளை வைத்துக்கொள்கிறார்கள். சிலர் ஆடி அமாவாசையில் பொதுவாக எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். சிலர் பிறந்த நாளைக்குக் கோயிலில் அருச்சனை செய்கிறார்கள், உயிரோடு இருப்பவருக்குச் செய்வதைப்போல. ஒரே வீட்டில் தகப்பன் திவசம் செய்ய, தாய் அந்தச் சோற்றைத் தொடாமல் இருப்பதும் உண்டு.

அரசும் நீண்ட காலம் மரணச் சான்றிதழை மட்டுமே நீட்டியது. காணி மாற்றவும் உதவிப்பணம் எடுக்கவும், பிள்ளை செத்துவிட்டான் என்று தாய் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. ஆள் காணாமற் போயிருக்கிறார் என்று மட்டும் பதியும் சான்றிதழ் 2016 இல்தான் சட்டமானது. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டபோது, பார்க்கப் போனவர்களில் தங்கள் பிள்ளையாக இருக்குமோ என்று பயந்தவர்களும், பிள்ளையாக இருந்தாலாவது தெரிந்துவிடும் என்று எண்ணியவர்களும் இருந்தார்கள்.

சோபொக்கிளிசின் நாடகத்தில் அன்ரிகனி, அண்ணனை அடக்கம் செய்யக் கூடாது என்ற அரச கட்டளையை மீறி மண் போட்டாள். கண்முன்னே கிடக்கும் உடலை அடக்கம் செய்வதா விடுவதா என்பது அவள் கேள்வி. எங்கள் தாய்மாருக்கு உடலும் இல்லை. ஆகவே செய்யலாமா என்றால், செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம், இந்த வருடம் செய்துவிட்டு அடுத்த வருடம் நிறுத்தலாம். ஐயரோ, சொந்தக்காரரோ, அலுவலகமோ இதில் கட்டாயப்படுத்த முடியாது.

வாழ்வதில் அர்த்தம் இல்லை என்று தோன்றினால்?

உலகம் நமக்கு அர்த்தம் தரக் கடமைப்பட்டதல்ல என்று ஏற்றுக்கொண்டே, அதனால் சாகவும் தேவையில்லை என்று 1942 இல் எழுதினார் பிரெஞ்சு எழுத்தாளர் அல்பெர் காம்யு. அதை நாம் ஒருநாள் ஆறுதலாகப் பேசலாம். ஆனால் இப்போது உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ அந்த எண்ணம் இருக்குமானால் முதலில் 1926 க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். பக்கத்தில் ஒருவரை இருக்கச் சொல்லுங்கள். தனியே இருக்க வேண்டாம்.

2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டுமா?

அவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். "ஏனம்மா முதலே வெளிக்கிடேல்ல?" என்பது பெரும்பாலும் முதல் கேள்வி. அதற்குள் குற்றச்சாட்டு இல்லை, ஆனால் தாய்க்கு அப்படிக் கேட்கும்.

கேட்டால் சொல்லுங்கள். எந்தப் பாதை மூடியிருந்தது, யார் மூடினார்கள், எந்தப் பாதை திறந்திருந்தும் ஏன் போகவில்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். வீட்டில் வயதான ஆச்சி நடக்க மாட்டாமல் இருந்ததையும், அண்ணனைப் பிடித்துவிடுவார்கள் என்று பெட்டிக்குள் ஒளித்து வைத்ததையும், பக்கத்து வீட்டார் போட்ட கஞ்சியையும் சொல்லுங்கள். மற்றப் பக்கத்தார் செய்ததைச் சொல்லி எங்கள் பக்கத்தார் செய்ததை விட்டுவிட்டால், பிள்ளை அதை இன்னொருவரிடம் கேட்டு அறியும். பிறகு நீங்கள் சொன்ன மற்றதையும் நம்பாது. ஒரே இருப்பில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும் என்றில்லை. பத்து வயதில் ஒரு பகுதி, உயர்தரம் படிக்கும்போது மிச்சம்.